கீறிய இதயம் தொண்ணூறு

அத்தியாயம் ஆறு

மூவாயிரத்து நானூற்று இருபது.

அறுப்புக்கூடத்தின் உட்சுவரில், கொக்கி வரிசைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் தொங்கிய கரும்பலகையில் அந்தத் தொகை எழுதியிருந்தது. பக்கத்தில் 'ஆராய்ச்சிக்கூடம், பாக்கி'. எட்டு மாதமாக யாரும் அழிக்காததால் எழுத்தின் மேல் கொழுப்புப் படிந்து பளபளத்தது.

அந்தப் பளபளப்பைப் பார்த்ததும், ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கியவனுக்குக் குமட்டியது. பதினோரு வருஷம் பிணவண்டி ஓட்டியவன் அவன். செத்தவர்களோடு குப்பை கொட்டியவனுக்கு வாந்தி வராது என்று ஊர் நினைக்கும். ஆனால் பிணம் துணிக்குள் இருக்கும். இங்கே துணி இல்லை. ஈரத் தரை காலைப் பிடித்தது, பிடித்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, நான் வெளிய நின்னு வண்டியப் பாத்துக்கட்டுமா?"

"அந்த வண்டிய எவன் திருடுவான்? கண்ணாடியில இன்னும் சிலுவையும் பிறையும் ஒட்டியிருக்கு."

"அப்போ மூக்க மட்டும் வெளிய விட்டுட்டு வரேன்."

"வாயையும் சேத்து விட்டுட்டு வா," என்றாள் தராசு.

அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பழைய இரும்புக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் எடைமேடையில் நின்றவள். லாரி மேடை ஏறும் சத்தத்திலேயே மண் கலந்த லோடா, நல்ல லோடா என்று சொல்லிவிடுவாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்து, நாற்பத்தைந்தில் கிடங்கு முதலாளியின் திருட்டை அவர் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டி, வேலை போய், அதன் பிறகு துப்பறிகிறேன் என்று இறங்கியவள். நிறையப் பேசியே பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட ரேடியோ அவளிடம் வண்டியோட்டியாக வந்து ஒட்டிக்கொண்டான்.

ரப்பர் பூட்ஸ் போட்ட கத்திக்காரர் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். கழுவின கை மறுபடியும் எதையோ தொட்டுச் சிவப்பானது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

"இதயமா? ரெண்டு ரேட்டு. பலகையப் பாருங்க."

பாக்கித் தொகைக்கு மேலே எழுதியிருந்ததைத் தராசு விரல் வைத்துப் படித்தாள். இதயம் முழுசு 150. கீறினது 90.

"அதென்ன கீறினது?"

"முத்திரை குத்துற சோதனைக்காரர் இருக்காரில்ல? இதயம் வெளிய வந்ததும் மெலிசான பக்கத்துல ஒரு இழுப்பு இழுப்பார். உள்ள புழுக்கட்டி இருக்கான்னு பாக்க. கீறாம முத்திரை கிடையாது. முழுசா வேணும்னா முன்னாலயே எழுதிக் குடுக்கணும். அவர் வர்றதுக்குள்ள எடுத்து ஐஸ்ல போட்டு, தின்கிறதுக்கு இல்லைன்னு சீட்டுக் கட்டி அனுப்பணும். அதுக்குத் தனிக் கட்டணம்."

"எது மெலிசான பக்கம்?"

அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டுப்பலகை மேல் போட்டார். அது தொப்பென்று விழுந்து, கொஞ்சம் ஆடி, அடங்கியது. ரேடியோ கூரையைப் பார்த்தான். கூரையிலும் கொக்கி.

"இது இடது. விரல வைங்க. டயர் மாதிரி கெட்டியா இருக்கா? உடம்பு முழுக்கத் தள்ளுற பக்கம். இது வலது. நுரையீரல் வரைக்கும் தள்ளினாப் போதும். பை மாதிரி தொளதொளன்னு இருக்கும். கத்தி எப்பவும் இதுலதான்."

தராசு கீறலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இரும்புக் கிடங்கில் பித்தளைக்குள் ஈயம் ஊற்றியிருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரியே பார்த்தாள்.

"ஆராய்ச்சிக்கூடத்துக்கு நீங்க குடுத்தது?"

"முப்பத்தெட்டு. எல்லாமே தொண்ணூறுதான். சிக்கனமான ஆளு அந்த டாக்டர். கடனுக்கு வாங்குறதுலயும் சிக்கனம்." கத்திக்காரர் ஏப்ரன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சீட்டை எடுத்தார். 'இதயம் 38, பாக்கி 3420'. கீழே பெற்றுக்கொண்டதற்கு ஒரு கிறுக்கல். "காசு வந்தா சீட்டு அவங்களுக்கு. வராத வரைக்கும் எனக்கு. எட்டு மாசமா நடக்கறேன். உள்ள விடவே மாட்டேங்கறான். என் மேல நாத்தம் அடிக்குதாம். நீங்க வசூல் பண்ணிக் குடுங்க, பாதி உங்களுக்கு."

"சீட்டு இன்னைக்கு ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும்," என்றாள் தராசு.

வெளியே வந்ததும் ரேடியோ சுவர் ஓரமாகக் குனிந்தான். காலையில் குடித்த டீ தரைக்குப் போனது.

"முடிஞ்சதா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு அக்கா. எட்டு மாசம் டயம் குடுங்க."

*

வண்டியில் ஏறியதும் தராசு மடியில் அறிக்கையை விரித்தாள். நாலு நாளாக அதைத்தான் விரிக்கிறாள், மடிக்கிறாள். மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது.

வழக்கு இவ்வளவுதான். மூட்டை தூக்கும் ஒருவர், நாற்பத்தோரு வயது, நெஞ்சுப் படபடப்புக்கான புது மாத்திரையைப் பரிசோதனைக்காகச் சாப்பிட ஒத்துக்கொண்டார். சாப்பிட்டால் கூலி. மூன்றாவது வாரம் கிடங்கில் மூட்டையோடு ஏணிப்பலகை ஏறியவர் பாதியில் சரிந்தார். நாலு நிமிஷம். இழப்பீடு கேட்டுப் போன மனைவியிடம் மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் எழுதிய இந்த அறிக்கையைக் கொடுத்தார்கள். மாத்திரை ஆட்டு இதயத்தில் சோதிக்கப்பட்டது, இரண்டு கீழறைகளுக்கும் பாதுகாப்பானது, ஆகவே உங்கள் கணவர் வியாதியை மறைத்திருக்கிறார். செத்தவரைப் பொய்யர் என்று எழுதி, கீழே முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செத்தவரின் தம்பி, பரிசோதனை நடக்கும் ஆஸ்பத்திரி வார்டில் தங்கி, அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு அவனுக்கு இரட்டை அளவு. அண்ணி காலையில் கெஞ்சிப் பார்த்தாள். "டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு அண்ணி, மாத்திரையால இல்லைன்னு. பாதியில விட்டா கூலி கிடையாது. அண்ணன் பிள்ளைங்கள யார் பாக்குறது?" என்று சொல்லிவிட்டான். வார்டுத் தலைமை நர்ஸ் கெட்டவள் இல்லை. ஆனால் அவளும், "ஆராய்ச்சி டாக்டர் கையெழுத்துல ஏதாவது கொண்டு வாங்க, நிறுத்தறேன். வாய்ப்பேச்சுக்கு நிறுத்தினா என்னை நிறுத்திடுவாங்க," என்றாள்.

மணி இரண்டரை.

"அக்கா, டாக்டருங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு அஞ்சாங்கிளாஸ் வரும். இதுல எதைப் பிடிச்சீங்க?"

"இந்த ரெண்டு எண்ணைப் படி."

"இடது கீழறை, செல் நூத்திப் பன்னெண்டு. வலது கீழறை, செல் நூத்திப் பன்னெண்டு."

"பத்தொம்பது வருஷத்துல ரெண்டு லாரி ஒரே எடை நின்னு நான் பாத்ததில்ல. நின்னா ஒரு லாரி மேடைக்கு வரவே இல்லைன்னு அர்த்தம்."

பிணவண்டிக்குச் சாலையில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த ஒரு வசதி அதில் உண்டு.

*

ஆராய்ச்சிக்கூடம் இரண்டு மாடி. கீழே இதயங்களைக் கழுவும் அறை. மேலே டாக்டரின் அறை. கீழிருந்து மேலே போகும் படியில் மூன்று கதவு, மூன்றுக்கும் ரப்பர் விளிம்பு. நாற்றம் ஏறாமலிருக்க.

கழுவும் அறையில் ஐம்பத்தெட்டு வயது ஆய்வக உதவியாளர் அம்மா கண்ணாடிக் குழாய்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய ரத்தமும் பினாயிலும் கலந்த வாடை. ரேடியோ சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்தான்.

"இதயம் வந்ததும் என்ன பண்ணுவீங்க?" என்று தராசு கேட்டாள். செத்தவரின் மனைவிக்காக வந்திருக்கிறோம் என்பதையும் சொன்னாள். அந்த அம்மாவின் பிரஷ் ஒரு நிமிஷம் நின்று, மறுபடியும் ஓடியது.

"குழாயில மாட்டிக் கரைசல் ஏத்துவேன். தசை கரைஞ்சு செல் தனித்தனியா வரும். ஒவ்வொண்ணா ஊசி முனையில பிடிச்சுக் கரண்டை அளக்கணும்."

"இதயத்துல கரண்டா?" என்றான் ரேடியோ. "எங்க வீட்டுலயே வர மாட்டேங்குது."

"உப்பு தம்பி. கரண்டுன்னா இங்க உப்புதான்." அவர் ஈர விரலால் மேஜையில் ஒரு கோடு இழுத்தார். "சோடியம் உள்ள பாயும். கோடு குத்துன்னு ஏறும். உடனே பொட்டாசியம் கொஞ்சம் வெளிய ஓடும். இங்க ஒரு பள்ளம். அப்புறம் கால்சியம் உள்ள வந்து பள்ளத்தை நிரப்பி, கோட்டை மேலயே தாங்கிப் பிடிக்கும். கடைசியில பொட்டாசியம் மொத்தமா வெளிய போனா கோடு இறங்கிடும். இவ்வளவும் நடந்தா ஒரு துடிப்பு."

"கிடங்கு மாதிரி. உள்ள வர்ற லாரிக்கு ஒரு கேட்டு, வெளிய போறதுக்கு ஒரு கேட்டு."

"ஆமா. ஆனா ரெண்டு கிடங்குலயும் கேட்டு ஒரே மாதிரி இல்ல." அந்த அம்மா முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று இழுத்தார். இதில் பள்ளம் குழிபோல் ஆழமாக இறங்கியது. "இது வலது. முதல்ல திறக்கிற அந்தப் பொட்டாசியம் கேட்டு வலது பக்கச் சுவர்ல அதிகம். அதனால பள்ளம் ஆழம். இடதுல லேசு."

தராசு இரண்டு கோடுகளையும் பார்த்தபடி நின்றாள். "மாத்திரை எந்தக் கேட்டை மூடுது?"

"கால்சியம். கொஞ்சமாத்தான்."

"பள்ளத்தை நிரப்புறது."

"ம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இடதுல பள்ளம் லேசு. கால்சியம் கொஞ்சம் குறைஞ்சாலும் சமாளிச்சுக்கும். வலதுல ஏற்கெனவே ஆழம். நிரப்ப வர்றதும் குறைஞ்சா சில இடத்துல கோடு எழும்பாது, அப்படியே விழுந்துடும். அந்த இடம் சீக்கிரமே ஓய்ஞ்சு போகும். பக்கத்து இடத்துல கரண்டு இன்னும் இருக்கும். இருக்கிற இடத்துல இருந்து ஓய்ஞ்ச இடத்துக்குத் திரும்பிப் பாயும். பாஞ்சு பாஞ்சு சுத்த ஆரம்பிச்சுட்டா இதயம் துடிக்காது. நடுங்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம்."

ரேடியோ காலரை மூக்கிலிருந்து இறக்கினான். ஏணிப்பலகையில் பாதி ஏறி நின்ற ஆளை நினைத்துக்கொண்டான். மூட்டை முதலில் விழுந்ததா, ஆள் முதலில் விழுந்தாரா என்று தெரியவில்லை.

"கீறின இதயத்துல வலது பக்கச் செல் எடுக்க முடியுமா அம்மா?" என்று தராசு கேட்டாள்.

தண்ணீர்க் குழாயை மூடினார் அந்த அம்மா. சொட்டுச் சொட்டாக ஒழுகி நின்றது.

"வலது சுவருக்குப் போற ரத்தக்குழாய் வழியாத்தான் நான் கரைசலை ஏத்தணும். சுவரைக் கீறும்போது அதுவும் கீறிடுது. ஏத்துறது எல்லாம் தொட்டியில ஒழுகிடும். செல் செத்துடும். உயிரோட இருக்கிற செல் செங்கல் மாதிரி நீளமா இருக்கும். செத்தது பந்து மாதிரி சுருண்டு கிடக்கும். முப்பத்தெட்டு இதயத்துலயும் எனக்கு வலதுல கிடைச்சது பந்துதான்."

"அப்போ அந்த நூத்திப் பன்னெண்டு?"

"போய்ச் சொன்னேன். மூணு தடவை. முழு இதயம் வாங்கிக் குடுங்க சார்னு. 'எண்ணிக்கை வரணும்மா, எப்படி வருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்'னார். இடதுல எடுத்ததையே பாதியாப் பிரிச்சு வலதுன்னு எழுதினேன்." அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. நான் வாயத் திறந்தா, எல்லாம் அந்தம்மா பண்ணினதுன்னு சொல்லிடுவார். இதயம் கீறினதா முழுசான்னு அவருக்குத் தெரியும்னு எங்க எழுதியிருக்கு? இந்த ரூமுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்ல."

தராசு கத்திக்காரரின் சீட்டை எடுத்துப் பார்த்தாள். 'இதயம் 38, பாக்கி 3420'. கீறினது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

"இப்போ அவருக்கு மேல என்ன வேலை?"

"செலவுக் கணக்குப் பாப்பார். காசு விஷயத்துல மட்டும் அவருக்கு மறதியே கிடையாது."

தராசு அன்று முதல் தடவையாக ரேடியோவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும். கிடங்கில் லாரிக்காரன் தண்ணீர் டாங்கை நிரப்பிக்கொண்டு மேடை ஏறும்போது சிரித்ததாக அவளே நடித்துக் காட்டிய சிரிப்பு.

*

டாக்டரின் அறையில் எலுமிச்சை வாசனை. மேஜை மேல் ஒரு பாட்டில். அதை அழுத்தினால் வழவழவென்று ஏதோ வரும், அவர் அதைக் கையில் தேய்த்துக்கொள்வார். இவர்கள் உள்ளே வந்ததும் ஒரு தடவை தேய்த்தார். உட்கார்ந்ததும் ஒரு தடவை.

"யார் நீங்க?"

"வசூலுக்கு வந்திருக்கோம் சார்," என்றாள் தராசு, தலையைக் கொஞ்சம் குனிந்து. "அறுப்புக்கூடத்துப் பாக்கி. மூவாயிரத்துத் தொள்ளாயிரம்."

ரேடியோ ஒரு இருமலை விழுங்கினான். எண் மாறியிருந்தது.

டாக்டரின் கை தேய்ப்பதை நிறுத்தியது. "எவ்வளவு?"

"மூவாயிரத்துத் தொள்ளாயிரம். எட்டு முழு இதயம் குடுத்திருக்காராம். எட்டுக்கும் அறுபது அறுபது கூட. நானூத்தி எண்பது."

"திருட்டுப் பய." அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். "ஒண்ணு கூட முழுசு கிடையாது. முப்பத்தெட்டும் கீறினது. எனக்குத் தெரியாதா? முழுசு நூத்தம்பதுன்னதும், எதுக்கு, கீறினதே போதும்னு நான்தான் முடிவு பண்ணேன். ஒவ்வொரு வாட்டியும் அந்தம்மா கிட்டக் கேட்டுக் குறிச்சு வச்சிருக்கேன்."

"எங்களுக்கு எப்படி சார் தெரியும்? நாங்க படிக்காதவங்க. அந்த ஆளு வேற கத்தியும் கையுமா நிக்கிறார். வாயில சொன்னா நம்ப மாட்டார்." தராசு பாக்கிச் சீட்டை மேஜையில் வைத்தாள். "இதுலயே ரெண்டு வரி எழுதிட்டீங்கன்னா கொண்டு போய் மூஞ்சியில காட்டிடுவோம்."

"அப்படிக் காட்டுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். நானூற்று எண்பது மிச்சமாகிற சந்தோஷம் கையெழுத்திலேயே தெரிந்தது. 'பெற்ற இதயங்கள் முப்பத்தெட்டும் வலப்பக்கம் கீறியவை. முழு இதயம் ஒன்றுகூடப் பெறவில்லை. என் உத்தரவின்படியே வாங்கப்பட்டன. பாக்கி 3420 மட்டுமே.' கையெழுத்து. தேதி. கேட்காமலே முத்திரையும் குத்தினார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டார்.

சீட்டைத் தராசு எடுத்து ரேடியோவிடம் நீட்டினாள். "ஊதிக் காய வை."

பிறகு அறிக்கையை எடுத்து மேஜை மேல் விரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது.

"இன்னொரு சின்ன உதவி சார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. இங்க வலது கீழறை, நூத்திப் பன்னெண்டு செல்னு போட்டிருக்கு. முப்பத்தெட்டும் வலப்பக்கம் கீறினதுன்னு இப்போ எழுதியிருக்கீங்க. கீறினதுல வலது செல் பிழைக்காது. இந்த நூத்திப் பன்னெண்டும் எந்த ஆட்டோடதுன்னு சொன்னா அந்த ஆட்டைப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

டாக்டர் கத்தவில்லை. கத்துவார் என்று ரேடியோ எதிர்பார்த்தான், கத்தியிருந்தால் கொஞ்சம் மனுஷனாகத் தெரிந்திருப்பார். அவர் பாட்டிலை இரண்டு தடவை அழுத்தினார்.

"யார் அனுப்பினது? அந்த மூட்டைக்காரன் பொண்டாட்டியா?" குரலில் சலிப்புத்தான் இருந்தது. "பாருங்கம்மா. அவன் என்ன பெரிய ஆயுசு இருந்திருப்பான்? குடி, பீடி, முதுகுல நூறு கிலோ. இந்த மாத்திரை இல்லைன்னா வேற ஏதாவது. இதுக்குப் போய்..."

ரேடியோவுக்கு மத்தியானம் வந்த குமட்டல் மறுபடியும் வந்தது. மத்தியானம் வந்தது வயிற்றிலிருந்து. இது அதற்கும் கீழே எங்கிருந்தோ ஏறியது. அந்த எலுமிச்சை வாசனையில் இந்த வார்த்தைகளைக் கேட்பதற்கு, அறுப்புக்கூடத்துச் சாக்கடையில் முகம் வைத்துப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவர் குடிக்க மாட்டார் சார்," என்றான். அவன் அன்று ஜோக் இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. பணப்பெட்டியைத் திறந்து எண்ணினார். மூவாயிரத்து நானூற்று இருபது, சில்லறை உட்பட. அதை மேஜையின் நடுவில் தள்ளினார்.

"வசூலுக்கு வந்தோம்னு சொன்னீங்க. இந்தாங்க. காசு வந்தா சீட்டு எனக்கு. அதுதானே உங்க முறை? சீட்டைக் குடுங்க."

ரேடியோ தராசைப் பார்த்தான். அவள் முகத்தில் முதல் தடவையாகக் கணக்கு உதைத்தது. முறை அதுதான். காசை வாங்கிக்கொண்டு சீட்டையும் வைத்துக்கொண்டால் மிரட்டிப் பறித்தார்கள் என்று ஆகிவிடும். அப்புறம் அந்தச் சீட்டுக்கு எடை இருக்காது. காசை வாங்காமல் போவதென்றால், அது அவர்கள் காசு இல்லை. எட்டு மாதம் நடந்தவருடைய காசு.

மணி நாலு பத்து.

"போன் போடு," என்றாள்.

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம், கத்தி தீட்டும் சத்தம். தராசு சுருக்கமாகச் சொன்னாள். கீறின இதயத்தை வைத்து என்ன செய்தார்கள், யார் செத்தார், யார் சாகப் போகிறான், காசு மேஜையில் இருக்கிறது, சீட்டு கையில் இருக்கிறது, ஒன்றுதான் கிடைக்கும். "உங்க காசு. நீங்கதான் சொல்லணும். எதைச் சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

"நான் கீறினதைக் குடுத்ததுலயா அந்த ஆளு செத்தாரு?"

"நீங்க குடுத்ததுல இல்ல. இவர் வாங்கினதுல."

கத்தியை மேஜையில் போடும் சத்தம் வந்தது. பிறகு, "அந்த மனுஷன் எங்க மேல நாத்தம் அடிக்குதுன்னான்," என்றார் கத்திக்காரர். "காச அங்கயே வச்சிட்டு வாங்க. தள்ளுபடி. உங்களுக்குப் பாதி தரேன்னேன், அதை மட்டும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கணும்."

தராசு எழுந்தாள். காசின் பக்கம் விரலைக்கூட நீட்டவில்லை. ரேடியோ வாசல்வரை போய்த் திரும்பி வந்து, டாக்டரின் பாட்டிலை எடுத்து அவர் எண்ணி வைத்த நோட்டுகளின் மேல் நாலு தடவை அழுத்தினான்.

"நீங்க தொட்டுட்டீங்களே சார். காசு கழுவிக்கட்டும்."

*

வார்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஐந்துக்கு எட்டு நிமிஷம். காலையிலிருந்து கேட்டிலேயே உட்கார்ந்திருந்த செத்தவரின் மனைவி வண்டியைப் பார்த்ததும் எழுந்து, பிணவண்டி என்று புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா, வண்டிதான் அப்படி, ஆளுங்க நல்லவங்க," என்றான் ரேடியோ. "வாங்க உள்ள."

தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கையில் சின்னக் காகிதக் கோப்பை. அதில் இரண்டு மாத்திரை. தலைமை நர்ஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தராசு சீட்டை நர்ஸ் கையில் கொடுத்தாள், அறிக்கையை அதன் பக்கத்தில் பிடித்தாள், முதலில் ஒன்றில் விரல் வைத்தாள், பிறகு மற்றதில். நர்ஸ் ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள். தண்ணீர் டம்ளரை வைத்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"கையெழுத்து அவருதுதான். இருபது வருஷமாப் பாக்குறேன்." முகம் கசந்துபோய் வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். "பதினோரு பேருக்கு என் கையால குடுத்திருக்கேன்."

கட்டில் கட்டிலாகப் போய்க் கோப்பைகளைத் திரும்ப வாங்கித் தட்டில் கவிழ்த்தாள். கடைசிக் கோப்பை தம்பியிடம் இருந்தது. அவன் அதை விடவில்லை.

"அண்ணி, நாளையோட முடியுது. முடிஞ்சாத்தான் மொத்தமாக் கூலி..."

அண்ணி அவன் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் வியாதிய மறைக்கலடா," என்றாள். "இதுல எழுதியிருக்கு. அவர் பொய் சொல்லல."

அவன் அண்ணியைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். கோப்பையைத் தானாகவே தட்டில் வைத்தான். பிறகு வேலை முடிந்த கூலியாள் சுமையைத் தூக்கித் தூக்கிக் காய்த்த தோளைத் தடவுவதுபோல் தன் தோளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ் சீட்டைப் பிரதி எடுத்து, மேலிடத்துக்கும் போலீசுக்கும் போன் போட்டாள். கழுவும் அறையிலிருந்த அம்மா, யாரும் கூப்பிடாமலே, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வார்டுக்கு வந்து நின்றார். நானும் எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

*

மறுநாள் காலை சீட்டைப் பற்றிச் சொல்ல அறுப்புக்கூடத்துக்குப் போனார்கள். போலீஸ் அதை எடுத்துக்கொண்டது, இனி திரும்பி வராது. கத்திக்காரர் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதானா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

பிறகு ஈரத்துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். எட்டு மாதக் கொழுப்பு. 'ஆராய்ச்சிக்கூடம்' போனது, 'பாக்கி' போனது, மூன்றும் நாலும் இரண்டும் போயின. கடைசிப் பூஜ்யம் மட்டும் போகவில்லை. துணியை எறிந்துவிட்டுக் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டினார். கறுப்பும் வெள்ளையுமாகப் பிசுக்கு உருண்டு வந்தது. அதை ரேடியோவின் காலடியில் உதறினார்.

ரேடியோ இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை. காலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.